கேற்றடிக் கடதாசிப்பூச் சாடிகள்

சாய்ந்தமருது,
நோன்பின் கடைசிக் கிழமை.

அன்பு மருமகன் ஜெஸீம் அறிவது,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்களுக்கும் அக்கரைப்பற்றில் உங்கள் உம்மாவுக்கும் அல்லாஹ் நல்ல சுகத்தைத் தரட்டும். நாங்களும் சுகம் என்று எழுதுவதுதான் முறை, எழுதிவிட்டேன். மெய்யைக் கேட்டால் இந்த வீட்டில் ஒருவருக்கும் இருப்புக் கொள்ளவில்லை. இதை எழுத உட்கார்ந்த நேரத்துக்குள் நானே எத்தனை தரம் எழும்பிப் போய் வாசல் கேற்றைப் பார்த்துவிட்டு வந்தேன் என்று தெரியாது.

உங்களுக்கு முன்னால் நின்று நான் இவ்வளவு கதைத்ததில்லை. நீங்கள் கலியாணம் முடித்து இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து கதவுக்குப் பின்னால் நின்று, "மகன், தேத்தண்ணி வைத்திருக்கிறேன்" என்பதற்கு மேல் என் வாய் திறந்ததில்லை. போனில் சொல்லலாமென்றால் போன் மகள் ஸப்னாவின் கையில். படுக்கும்போதும் அதைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொள்கிறாள். நீங்கள் முதலில் போன் எடுத்துக் கதைப்பீர்கள் என்று அவள் இருக்கிறாள். அவள் எடுப்பாள் என்று நீங்கள் இருக்கிறீர்கள். பிடிவாதத்தில் இரண்டு பேரும் நல்ல பொருத்தம்தான். பக்கத்து வீட்டுச் சப்ரி நாளைக்கு அக்கரைப்பற்றுக்கு லொறி கொண்டு போகிறான், அவனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நான் எழுத வந்தது நீங்கள் சாடிகளில் நட்டு வளர்த்த கடதாசிப்பூச் செடிகளைப் பற்றி.

வேளாண்மை வெட்டி நெல் வந்த அன்றைக்கு உங்கள் மாமா செய்தது எனக்கும் பிடிக்கவில்லை. உங்களை ஒரு வார்த்தை கேட்காமல் ஐந்து சாடிகளையும் கேற்றடியிலிருந்து இழுத்துக்கொண்டு போய், பின்வளவில் தொழுகைக்குக் கைகால் கழுவி வுழூச் செய்கிற பைப்படியில் வைத்தார். உழவு மெஷின் நிறுத்த இடம் வேண்டும் என்பது அவருடைய நியாயம். நீங்கள் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துவிட்டு வந்து பார்த்தீர்கள். சத்தம் போட்டிருந்தாலாவது ஆறியிருக்கும். மெதுவாகத்தான் கேட்டீர்கள்: "ஒரு சாடி வைக்கவும் இந்த ஊட்டில எனக்கு இடமில்லையா, மாமா?"

அவர் நெல் மூட்டைகளை எண்ணத் தொடங்கினார். நீங்கள் பையை எடுத்துக்கொண்டு உம்மா வீட்டுக்குப் போய்விட்டீர்கள். நம்ம பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான், மாப்பிள்ளை வந்து இருப்பவர். அந்தக் கேள்வி உங்கள் நெஞ்சில் எவ்வளவு காலம் கிடந்திருக்கும் என்று அன்றிரவு முழுக்க நினைத்தேன்.

அதற்குப் பிறகு பள்ளிக்கூட நாட்களில் நீங்கள் கல்முனை பஸ்ஸில் எங்கள் தெருமுனையைத் தாண்டிப் போனீர்கள். அந்த நேரத்துக்கு ஸப்னா வாசலைக் கூட்டுவாள். கூட்டின வாசலையே திரும்பவும் கூட்டுவாள். இப்போது நோன்பு லீவு, அந்த பஸ்ஸும் இல்லை. நோன்பு திறக்கும்போது ஈத்தம்பழம் ஒன்றோடு எழும்பிவிடுகிறாள். கஞ்சி அப்படியே ஆறுகிறது.

நோன்பு பிறந்ததும் மாமாவுக்குத் திடீரென்று சாடிகளின் மேல் பாசம் வந்தது. போன பெருநாளுக்கு அவை கேற்றடியில் சிவந்து நின்றதும், போற வாற பிள்ளைகளெல்லாம் நின்று படம் எடுத்ததும், மருமகன் வளர்த்தது என்று இவர் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். இந்தப் பெருநாளுக்கும் பூக்க வைக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். வருகிற சனம் மருமகன் எங்கே என்று கேட்டுவிடும் என்ற பயத்தில்தான் இந்தக் கூத்து என்று நான் முகத்துக்கு நேரே சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. அதுவே எனக்கு ஆச்சரியம்.

ஆனால் மனுஷனுக்குத் தெரிந்தது வேளாண்மை மட்டும்தானே. இலை கொஞ்சம் மஞ்சளடித்தவுடன் போகத்தில் மிச்சமிருந்த யூரியாவைப் போட்டார். வயலுக்குக் கட்டுகிற மாதிரி தண்ணீரும் கட்டினார். அது போதாதென்று பைப்படியில் வீட்டுச் சனத்தின் ஐந்து நேர வுழூத் தண்ணீரும் சாடிகளுக்குள்ளேதான். இரவில் நம்ம வீட்டுக்குத் தறாவீஹ் தொழ வருகிற பெண்கள், பாவம் செடி, நன்மை கிடைக்கட்டும் என்று ஆளுக்கொரு கோப்பை சேர்த்து ஊற்றிவிட்டுப் போனார்கள். இலை கீரைப்பாத்தி மாதிரித் தழைத்தது. ஒரு பூ இல்லை. மாமா விடியற்காலையில் ஸுபஹு தொழுதுவிட்டு வந்து கொப்புக் கொப்பாகத் தூக்கிப் பார்ப்பார், பிறகு என்னில் எரிந்து விழுவார்.

ஒருநாள் ஸப்னாவுக்குப் பொறுக்கவில்லை. நீங்கள் போனதிலிருந்து வாப்பாவுடன் கதைக்காமல் இருந்தவள், அது வேளாண்மை இல்லை வாப்பா என்றாள். பூ வர வேண்டுமென்றால் நீங்கள் தண்ணீரை நிறுத்தி, நாள் முழுக்க வெயில் படுகிற இடத்தில் இலை தொங்கும் வரை காயவிட்டு, பதம் பார்த்துத்தான் திரும்ப ஊற்றுவீர்கள் என்று சொன்னாள். சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அழுதிருப்பாள், நான் போய்ப் பார்க்கவில்லை.

அடுத்த நாள் மாமா வெயில் தேடினார். பின்வளவில் மாமர நிழல். பக்கவாட்டில் சப்ரியின் மாடிச் சுவர் மறைக்கிறது. நோன்போடு ஒரு சாடியைத் தூக்கிக்கொண்டு வளவைச் சுற்றினார். காலையில் வெயில் விழுந்த இடத்தில் பகலில் நிழல். முழு நாளும் வெயில் விழுகிற இடம் இந்த வளவில் ஒன்றே ஒன்றுதான், நீங்கள் வைத்திருந்த அதே கேற்றடி. அங்கே உழவு மெஷின் நின்றது.

மெஷினின் பக்கத்தில் சாடியை இறக்கி வைத்தார். பிறகு அதை ஸ்டார்ட் பண்ணி, சப்ரியின் வளவில் கொண்டுபோய் விட்டார். சாடிகளை ஒவ்வொன்றாக இழுத்து வந்தார். சீமெந்தில் உங்கள் சாடிகள் இருந்த வட்டங்கள் இன்னும் அழியவில்லை. அந்த வட்டத்துக்குள்ளேயே சரியாக வைத்தார். கை கொடுக்கப் போன என்னை விடவில்லை. மன்னிப்புக் கேட்கிற வாய் அந்த மனுஷனுக்கு இல்லை, கலியாணம் முடித்த நாளிலிருந்து எனக்கே அது கிடைத்ததில்லை. நான் கண்டதை எழுதுகிறேன், மகன்.

இப்போது இலையெல்லாம் கொட்டுண்டு, நுனிகளில் சின்னச் சின்னதாகச் சிவப்புக் கட்டியிருக்கிறது. சந்தோஷப்படவும் பயமாக இருக்கிறது. மண் வெடித்துவிட்டது. கொப்புகள் தலையைத் தொங்கப்போட்டு நிற்கின்றன. பிறை எப்போது தெரியும், பெருநாள் எந்த நாள் என்று யாருக்கும் நிச்சயமில்லை, அதற்குள் இது பூக்குமா பட்டுப்போகுமா என்றும் தெரியாது. இன்று பின்னேரம் அஸறுத் தொழுகைக்குப் பிறகு மனம் கேளாமல் வாளியில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு போனேன். மாமா வந்து வாளியைப் பிடித்தார்.

"வெச்சிட்டுப் போ. எப்ப ஊத்துற, எவ்வளவு ஊத்துற எண்டு உனக்கும் தெரியா, எனக்கும் தெரியா. இது அவர்ர சாடி, அவர்ர இடம். அவர் வந்து ஊத்தட்டும்."

ஸப்னா ஜன்னலடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் உள்ளே போனதும் வந்து, தூசி விழாமல் அந்த வாளியை ஒரு தட்டால் மூடிவிட்டுப் போனாள்.

வேறு விசேஷமில்லை. உங்கள் உம்மாவுக்கு என் ஸலாத்தைச் சொல்லுங்கள், பெருநாளுக்கு அவவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். உங்கள் வழியை அல்லாஹ் லேசாக்கித் தரட்டும். பிறை காணும் வரை பார்த்துக்கொண்டு இருக்க வேண்டாம், மகன். செடி அவ்வளவு நாள் தாங்காது.

துஆவுடன்,
உங்கள் மாமி
றபீக்கா