ஆரத்தித் தட்டும் என் மைக்கும்

ஏப்ரல் 9, செவ்வாய்

காலை எட்டு மணிக்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. தொண்டை கட்டிவிட்டது. சுக்கு, மிளகு, உடன்குடிக் கருப்பட்டி போட்டுக் காய்ச்சிக் குடித்தேன். ஒன்றும் பலிக்கவில்லை.

இன்றைய வேலை: வேனுக்கு டீசல். நம் ஜன்னல் சின்னம் போட்ட நோட்டீஸ் இன்னொரு கட்டு. வெள்ளிக்கிழமை கேஸுக்கு வாய்தா வாங்க ஜூனியரிடம் சொல்ல. செருப்பு வார் தைக்க. (தைக்கவில்லை.)

முதல் ஊரில் ஏழெட்டுப் பெண்கள் ஆரத்தித் தட்டோடு வரிசையாக. இரண்டு பெரிய கட்சிக்காரர்களும் தட்டில் நோட்டுப் போட்டுப் பழக்கி வைத்திருக்கிறார்கள். நான் கும்பிட்டேன், பேசினேன், போடவில்லை. வேன் நகரும்போது பின்னால் ஒரு குரல்: "வெறுங்கைய வீசிட்டு வந்திருக்கா பாரு." பார்லிமெண்டுக்கு நிற்கும் மூன்றாவது கட்சி ஆள் நான். ஜெயிக்க மாட்டேன் என்று அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆற்றில் சாக்கடை விடுவதை எதிர்த்துக் கேஸ் போட்டவள் ஊர் ஊராகப் போய் அதைச் சொல்ல இதைவிட்டால் வேறு வாய்ப்பு இல்லை என்றுதான் நின்றேன். ஆனாலும் சுருக்கென்றது.

அந்தக் கோபத்தோடேயே சேர்மாதேவிக்குப் பக்கத்து ஊருக்கு. பீடி சுற்றும் தெரு. ஒரே ஒருத்தி தட்டோடு முன்னால் வந்தாள். நாற்பது வயது இருக்கும். மைக் கையிலேயே இருந்தது. "தட்டை வீட்டுக்குக் கொண்டு போங்கம்மா. நான் ஓட்டுக்கும் பணம் கொடுக்க மாட்டேன், ஆரத்திக்கும் கொடுக்க மாட்டேன். ஒரு நோட்டுக்காக நடுத்தெருவுல நிக்கிறது உங்களுக்கே கேவலமா இல்லையா?"

டீக்கடையில் கைதட்டினார்கள். அவள் தட்டைக் கீழே இறக்கினாள், சூடம் எரிந்துகொண்டே இருந்தது. உள்ளே போய்விட்டாள்.

நன்றாகப் பேசினேன் என்றுதான் தோன்றுகிறது.

ஏப்ரல் 11, வியாழன்

பெருநாள். மேலப்பாளையத்தில் மூன்று வீட்டில் பிரியாணி, மூன்றிலும் மறுக்க முடியவில்லை. வயிறு கனம்.

நான் தட்டைத் திருப்பி அனுப்பியதை நம் கட்சிக்காரர் ஒருவர் செல்போனில் படம் எடுத்துப் போட்டிருக்கிறார். ஊரெல்லாம் ஓடுகிறது. கோர்ட்டில் என்னைக் கண்டால் தினத்தந்தியை விரிக்கிற சீனியர்கூட இன்று ரோட்டில் பார்த்துக் கும்பிட்டார். இதுவரை என் போனை எடுக்காத கட்சித் தலைவர் சென்னையிலிருந்து தாமே கூப்பிட்டு, "இப்பத்தான்மா நீங்க வேட்பாளர்" என்றார். சந்தோஷம். பொய் சொல்வானேன், நிஜமாகவே சந்தோஷம்.

சாயந்தரம் வேன் ஓட்டும் இசக்கி வாயைத் திறக்கவே இல்லை. அவன் சேர்மாதேவிப் பக்கத்து ஆள். என்னடா என்றேன். பைய ஆரம்பித்தான்.

"அக்கா, அன்னைக்குத் தட்டோட வந்த அந்தப் பேச்சியம்மா துட்டுக்கு வரல. அந்த ஊர்ல நமக்குப் பூத் ஏஜெண்டா இருக்கேன்னு பேரு குடுத்ததே அவுக ஒருத்தருதான். ஒங்க ஆத்துக் கேஸ வீடு வீடாப் போயி சொன்னதும் அவுகதான். நம்ம ஆளு வாராவ, வாசல்ல ஒருத்தராவது நிக்கணும்னுட்டு தானா ஆரத்தி கரைச்சு எடுத்துட்டு வந்திருக்காவ."



ஏப்ரல் 13, சனி

புழுக்கம். சாமுவேல் அண்ணாச்சியிடம் (என் தேர்தல் ஏஜெண்ட், ரிட்டையர்டு கிளார்க், அதிராமல் பேசுகிறவர்) அந்தப் படத்தை நெட்டிலிருந்து எடுத்துவிடச் சொன்னேன். தலைவர் எடுக்க வேண்டாம் என்கிறாராம். எடுத்தாலும் இனி என்ன, அத்தனை பேர் போனுக்கும் போய்விட்டது, நம்மை நாலு பேர் திரும்பிப் பார்ப்பதே அதனால்தான் என்றார். நியாயம் மாதிரி இருந்தது. சரி என்றேன்.

கோர்ட்டில் ஜட்ஜையே மடக்குகிறவள். இங்கே சரி என்றேன்.

இன்று போன இடங்கள்: நாங்குநேரி, களக்காடு. போகிற இடமெல்லாம் "தட்டைத் திருப்பி அனுப்புனவங்கதான?" தலையாட்டினேன்.

பேச்சியம்மாளைப் போய்ப் பார்க்க நேரமில்லை என்று எழுத வந்தேன். நேரம் இருந்தது. களக்காட்டிலிருந்து சேர்மாதேவி வழியாகத்தான் திரும்பினோம். இசக்கி ரோட்டு முனையில் வேகத்தைக் குறைத்து என்னைப் பார்த்தான். நேராகப் போ என்றேன். அந்த வாசலில் போய் நிற்க முகமில்லை.

ஏப்ரல் 17, புதன்

ஆறு மணியோடு பிரச்சாரம் முடிந்தது. குரலும் முடிந்தது. துண்டு, கொடி எல்லாவற்றையும் வேனிலேயே விட்டுவிட்டு பஸ் ஏறிப் பேச்சியம்மாள் வீட்டுக்குப் போனேன்.

இலையும் தூளும் பரப்பிய சுளவை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலி போட்டார். சொம்பில் தண்ணீர் தந்தார். மன்னிப்புக் கேட்டேன். வக்கீல் மாதிரி காரணமெல்லாம் அடுக்கினேன், முதல் ஊர், வெயில், கோபம். குறுக்கே பேசாமல் கேட்டார். கோபப்பட்டிருந்தால் தேவலாம்.

"ஓட்டு ஒங்களுக்குத்தாம்மா போடுவேன். அதுல மாத்தமில்ல. ஆனா இனி யாரு வாசல்ல போயி நான் கேக்க? நீயே துட்டுக்குத் தட்டு எடுத்தவன்னு சொல்லுதாவ. மருமவன் வீட்டு வரைக்கும் போயிட்டு அந்தப் படம். ஏஜெண்டா உக்கார முடியாதும்மா."

நடந்ததைச் சொல்லி நானே இன்னொரு படம் எடுத்துப் போடுகிறேன், இதே வாசலில் நின்று, எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்கிறேன் என்றேன். பதறிப்போய்க் கையெடுத்துக் கும்பிட்டார். இன்னொரு படம் வேண்டவே வேண்டாம் என்றார். எனக்கு அது பரிகாரம், அவருக்கு மறுபடியும் அதே தெரு, அதே சிரிப்பு. கேட்ட பிறகுதான் புரிந்தது. எப்போதும் கேட்ட பிறகுதான் எனக்குப் புரிகிறது.

பஸ் ஸ்டாப் வரை கூட வந்தார். நல்லபடியாக முடியும் என்று எனக்கு ஆறுதல் சொன்னார்.

ஏப்ரல் 19, வெள்ளி

ஓட்டுப்பதிவு. காலை ஏழுக்கே ஓட்டுப் போட்டுவிட்டேன். இட்லி இரண்டு, காபி நான்கு. பாளையங்கோட்டையில் மெஷின் ஒன்று கோளாறு, அரை மணி நேரம் சண்டை. வெயில் சொல்லி முடியாது.

பதினொன்றுக்கு அந்த ஊர்ப் பள்ளிக்கூடம். போக வேண்டிய அவசியமில்லை, போனேன். உள்ளே பெஞ்சில் பெரிய கட்சி ஏஜெண்டுகள் இரண்டு பேர். நமக்கு ஆள் இல்லை.

வெளியே பெண்கள் வரிசையின் நடுவில் பேச்சியம்மாள். என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார். பின்னால் நின்றவள் சத்தமாகவே, "என்ன பேச்சி, இன்னைக்குத் தட்டு எடுத்துட்டு வரலியா?" வரிசை முழுக்கச் சிரிப்பு.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டது. இந்த அம்மா ஒரு பைசாவுக்காக வந்தவர் இல்லை, தப்பு முழுக்க என்னுடையது என்று அத்தனை பேர் கேட்கச் சொல்லிவிட வேண்டும் என்று கிட்டே போனேன். வாயைத் திறப்பதற்குள் பேச்சியம்மாள் என் கையைப் பிடித்தார். மெதுவாகத்தான் சொன்னார்.

"நீங்க போங்கம்மா. நீங்க நிக்க நிக்க எல்லாரும் என்னயத்தான் பாக்காவ."

வேனுக்கு வந்துவிட்டேன். அடுத்த பூத் எது என்று இசக்கி கேட்டான்.