பத்துக் காலிக் குழாய்கள்

பிரிக்பீல்ட்ஸ்,
6.2.2026

அன்புள்ள தாமரை,

நலமா? என் எண்ணை நீ பிளாக் செய்து மூன்று வருடமாகிறது. தபால்காரரைப் பிளாக் செய்ய முடியாதே என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

ஆய்வகத்தின் பழைய ஃப்ரீசரைக் காலி செய்தோம். அடியில் பத்துச் சின்னக் குழாய்கள், உன் கையெழுத்தில் தேதி ஒட்டியபடி, பத்தும் காலியாக. உன் ஆராய்ச்சிக்கான நொதி வந்த அன்று உன் அப்பாவுக்குப் போன் போட்டு, "மனுஷ செல்லோட மேல்பக்கம் இருக்கிறதுப்பா, ஆனா மனுஷங்ககிட்ட எடுக்கல, லேப்ல வளத்தது" என்று கத்தினாயே, அதைப் பிரித்து ஊற்றி வைக்க நீ எடுத்து வைத்தவை.

தைப்பூசத்துக்கு முதல் நாள் காலையில் உன் சோதனையில் அருமையான முடிவு வந்தது. பால்குடம் எடுக்கப் பத்துமலைக்குக் கிளம்பும்போது, "மிச்சத்தைப் பத்தா பிரிச்சு வெச்சிடு லா. திரும்பத் திரும்ப உருகினா செத்துரும்" என்றாய். எனக்கும் ரயிலுக்கு நேரமாகிவிட்டது. பிரிக்காமல் குப்பியோடு உள்ளே வைத்தேன். அடுத்த வாரம் என் சோதனைக்காக நாலு முறை உருக்கி, மறுபடி உறைய வைத்தேன்.

பிறகு நீ அதே சோதனையை மறுபடி செய்தபோது நொதிக்குப் பழைய வேகத்தில் கால்வாசிகூட வரவில்லை. முதல் முடிவை நீ ஜோடித்தாய் என்று பேராசிரியர் துறைக் கூட்டத்தில் சொன்னார். நான் வாயே திறக்கவில்லை. என்னை மன்னிப்பாயா?

உன்,
ஜனகா

கிள்ளான்,
16.2.2026

ஜனகா,

நலம். இங்கே ஒரு கிளினிக்கில் ரத்தப் பரிசோதனை செய்கிறேன்.

காலிக் குழாய்களை நான் அப்போதே பார்த்துவிட்டேன். கூட்டத்தில் உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், இதோ சொல்வாய், இதோ சொல்வாய் என்று. நீ நோட்டில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாய். தோழியை நானாகக் காட்டிக் கொடுப்பதா என்று எனக்கு ஒரு வீம்பு.

பட்டம் போனது போகட்டும். பொய்க்காரி என்ற பெயரைத்தான் தாங்க முடியவில்லை. அப்பாவே ஒருநாள், "ஏம்மா அப்படி எழுதின?" என்று கேட்டார்.

என்னிடம் மன்னிப்புக் கேட்பது சுலபம். பேராசிரியரிடம் போய்ச் சொல்.

தாமரை

பிரிக்பீல்ட்ஸ்,
27.3.2026

அன்புள்ள தாமரை,

சொல்லிவிட்டேன். குழாய்களை அவர் மேசையில் வைத்தேன். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார், திட்டக்கூட இல்லை. புதுக் குப்பி வந்ததும் பத்தாகப் பிரித்து, உன் சோதனையை அவர் கண்முன்னே செய்தேன். நீ எழுதிய எண்ணே வந்தது. உன் முடிவு உண்மை என்று துறைக்கு எழுதியிருக்கிறார், நகல் உனக்கும் வரும். என் வேலை அடுத்த மாதத்தோடு சரி. அது நியாயம்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கிள்ளானுக்கு வரட்டுமா? அங்கிளிடம் நானே நேரில் சொல்ல வேண்டும். அவருக்குப் பிடித்த அதிரசம் வாங்கி வருகிறேன்.

ஜனகா

கிள்ளான்,
6.4.2026

ஜனகா,

பேராசிரியர் கடிதம் வந்தது. நீ செய்தது சின்னக் காரியமில்லை, எனக்குத் தெரியும்.

அப்பா போன கார்த்திகையில் தவறிவிட்டார். அந்தக் கேள்வியை அவர் மறுபடி கேட்கவில்லை. உன் பெயரைச் சொல்ல வேண்டியிருக்குமே என்று நானும் பதில் சொல்லவில்லை. என் வீம்பை நினைத்தால் இப்போது எனக்கே வெறுப்பாக இருக்கிறது.

அந்த இங்கிலீஷ் கடிதத்தை அவர் படத்துக்கு முன்னால் தமிழில் சத்தமாகச் சொன்னேன். செல்லோட மேல்பக்கம் என்ற இடத்தில் அழுதுவிட்டேன்.

நீ வராதே. உன்மேல் கோபம் இல்லை. ஆனால் இந்த வீட்டு ஹாலில் இருப்பது ஒரே நாற்காலி, அது அப்பாவுடையது. அதில் உன்னை உட்காரச் சொல்ல எனக்கு மனம் வராது.

தாமரை