சிவப்புத் தையல் போட்ட ஸ்டியரிங்

தெங்கேரா, மலாக்கா
3 ஆகஸ்ட் 2025

அன்புள்ள தேவிக்கு,

முதலில் இந்த ஒரு வரியைப் படி, மற்றதை அப்புறம் படிக்கலாம். இந்தக் கடிதம் கையில் கிடைத்த நிமிஷத்திலிருந்து உன் மெராந்தி காரை ஓட்டாதே.

நீ என்னை வாட்ஸ்அப்பில் தடுத்து ஆறு மாதமாகிறது. போன் போட்டாலும் எடுப்பதில்லை. என் அக்கா விஜயராணி போனிலிருந்து கூப்பிட்டேன், என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டாய். அதனால்தான் பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு முதல் தடவையாகப் பேனா பிடித்துத் தமிழில் எழுதுகிறேன். பிழை இருந்தால் சிரித்துக்கொள், ஆனால் கடைசி வரை படி.

வெள்ளிக்கிழமை என் மெராந்தியை ஆயர் குரோவுக்குக் கொண்டுபோனேன். ஆமாம், விற்கத்தான். ஊரில் பேசிக்கொள்வது உண்மை, ஹயசாக்கா கார் வாங்குகிறேன். பழைய காடியை எடுத்துக்கொள்ள வேண்டுமென்றால் முதலில் ஏர்பேக் ரீகாலை, அதாவது கெட்ட பையை மெராந்தி கம்பெனியே மாற்றித் தருவதை, முடித்துவிட்டு வரச் சொன்னார்கள். மெராந்தி சர்வீஸ் சென்டரில் ரெஜினால்ட் என்று ஒரு சூப்பர்வைசர். ஸ்டியரிங்கைத் திறந்து பார்த்தவர் என்னை உள்ளே கூப்பிட்டார். "பாஸ், இது உங்க காடி பேக் இல்லையே. நம்பர் ஒத்து வரல. இது நல்ல பேக். உங்க பேக்தான் கெட்டது, அது எங்க? எப்பவாச்சும் ஸ்டியரிங் மாத்துனீங்களா?" என்றார்.



மாற்றினோமே, தேவி. நம் மெராந்தி கிளப்பில் இரண்டு உறுப்பினர்கள் கட்டிக்கொண்டால் மாலை மாற்றியதோடு ஸ்டியரிங்கும் மாற்ற வேண்டும் என்று வழக்கம். 2019-இல் கல்யாண மண்டபத்துக் கார் நிறுத்துமிடத்தில் மெக்கானிக் பிச்சைமுத்து அண்ணன் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இருபது நிமிஷத்தில் மாற்றிக் கொடுத்தார். உன் கறுப்பு ஸ்டியரிங் எனக்கு வந்தது. சிவப்புத் தையல் போட்ட என்னுடையது உன் காடிக்குப் போனது. ஏர்பேக் அதற்குள்ளேதான் இருக்கிறது.

அந்தப் பைக்குப் பின்னால் இருக்கும் கேஸ் குப்பி பழசாகிவிட்டால், மோதும்போது பையோடு இரும்புத் துண்டும் சேர்ந்து முகத்துக்கு வரும். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. பயந்துபோய்ச் சொல்கிறேன்.

நிவேன்


புக்கிட் ரம்பாய்
8 ஆகஸ்ட் 2025

திரு. நிவேந்திரன் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. எழுத்துப் பிழை ஒன்பது. சிரித்தேன்.

இத்துடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன். மெராந்தியின் இணையப் பக்கத்தில் என் சேஸிஸ் நம்பரைப் போட்டு எடுத்தது. பச்சை எழுத்தில் என்ன போட்டிருக்கிறது என்று படித்துப் பாருங்கள். 'உங்கள் வாகனத்துக்கு ரீகால் எதுவும் இல்லை.' ஜனவரியில் அறுபது பேர் முன்னால் நான் காட்டியதும் இதே தாள்தான். என் காடி சுத்தம்.

அந்த ஜனவரிக் கூட்டத்தை நான் மறக்கவில்லை. கிளப்பின் தலைவி நான், மேடையில் உட்கார்ந்திருக்கிறேன். என் புருஷன் மைக்கைப் பிடித்து, "மெராந்தி காடி இல்ல, ஓடுற சவப்பெட்டி" என்றார். நேரலை வேறு. மறுநாள் ஹயசாக்கா கிளப்காரர்கள் அதைப் பாட்டு போட்டுச் சுற்ற விட்டார்கள். என் ஆபீஸில் சாப்பாட்டு நேரத்தில் அந்தப் பாட்டு ஓடியது. வீட்டில் கேட்டதற்கு, "உண்மையத்தானே சொன்னேன்" என்று நாலு சட்டையை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்விட்டீர்கள். மெராந்தியைத் திட்டியதற்காக எனக்குக் கோபமில்லை. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் மைக்கில் சொன்னீர்களே, அதற்குத்தான்.

இப்போது விஷயம் புரிகிறது. அந்தக் கெட்ட பை கிடைக்காமல் உங்கள் காடியின் ரீகால் முடியாது. அது முடியாமல் ஹயசாக்கா வராது. அதனால் என் ஸ்டியரிங்கைக் கழற்ற வேண்டும். அதற்கு இவ்வளவு பயமா? நேராகவே கேட்டிருக்கலாம் லா.

தர மாட்டேன். ஆறு வருஷமாக அதைப் பிடித்துத்தான் ஓட்டுகிறேன், நாளைக்கும் ஓட்டுவேன்.

தேவிஸ்ரீ


தெங்கேரா
11 ஆகஸ்ட் 2025

தேவி,

உன் பச்சைத் தாளைப் பத்து தடவை படித்தேன். அது பொய் சொல்லவில்லை. ஆனால் அதற்குத் தெரிந்தது உன் சேஸிஸ் நம்பர் மட்டும்தான். பிச்சைமுத்து அண்ணன் மண்டப வாசலில் செய்த வேலை அந்தக் கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்? தொழிற்சாலையிலிருந்து வந்தபோது எந்தக் காடியில் எந்தப் பை இருந்ததோ, அதுதான் அதன் கணக்கு. நம் கல்யாணம் அதில் பதிவாகவில்லை.

நீ எழுதியதில் ஒன்று நியாயம். உன்னிடம் முதலில் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் நீ ஒத்துக்கொள்ள மாட்டாய், கூட்டத்தில் சொன்னால் வாய் திறக்க முடியாது என்று நினைத்தேன். அது கோழைத்தனம். அதைவிடக் கேவலமான ஒன்றும் இருக்கிறது. என் நம்பர் ரீகால் பட்டியலில் இருப்பது ஜனவரியிலேயே எனக்குத் தெரியும். எப்படியும் விற்கப்போகிற காடிதானே என்று ஆறு மாதம் போகாமலே இருந்துவிட்டேன். மைக்கில் அவ்வளவு வாய் பேசியவன், அந்தச் சவப்பெட்டியின் ஆணியை உன் கையில் கொடுத்திருக்கிறேன் என்று ஒரு நொடி யோசிக்கவில்லை. அன்று ராத்திரி கூட்டம் முடிந்து நீ தனியாக அதே ஸ்டியரிங்கைப் பிடித்துத்தான் வீட்டுக்குப் போனாய்.

ஹயசாக்காவுக்காக எழுதுகிறேன் என்று நினைக்கிறாய். அந்தப் புக்கிங்கை நேற்று ரத்து செய்துவிட்டேன். ரசீது உள்ளே இருக்கிறது. என் காடியின் உரிமைப் பத்திரமான கிரானின் நகலும், 'என் சேஸிஸ் நம்பருக்குரிய ஏர்பேக்கை இந்த அம்மாவின் காடியில் மாற்றிக் கொடுக்கவும்' என்று நான் கையெழுத்துப் போட்ட கடிதமும் இருக்கின்றன. ரெஜினால்டிடம் பேசியிருக்கிறேன். நீ தனியாகவே போகலாம், நான் அந்தப் பக்கமே வர மாட்டேன். ஸ்டியரிங் உன்னிடமே இருக்கட்டும். பையை மட்டும் மாற்றிக்கொள்.

அதுவரைக்கும் காடியை எடுக்காதே. நம் கிளப் ராகினியோடு ஆபீஸ் போ, அவளும் அந்த வழியாகத்தானே போகிறாள்.

நிவேன்


தெங்கேரா
19 ஆகஸ்ட் 2025

தேவி,

பதில் இல்லை. சரி, ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இன்று காலையில் உன் தாமான் குடியிருப்பின் முனையில் இருக்கும் எண்ணெய் நிலையத்தில் ஏழு மணியிலிருந்து நின்றேன். பசியாறக்கூட இல்லை. நீ ராகினியோடு போவாய், பார்த்துவிட்டு நிம்மதியாக வேலைக்குப் போகலாம் என்று நினைத்தேன். உன் வெள்ளை மெராந்திதான் வந்தது. நீதான் ஓட்டினாய்.

பின்னாலேயே வந்தேன். ஆயர் குரோ வரைக்கும் வந்தேன். எட்டு வண்டி தூரம் விட்டு வந்தேன், பின்னால் எவனாவது வேகமாக வந்து என்னை இடித்தாலும் என் காடி உன் மேல் மோதிவிடக் கூடாது என்று. செங் ஊர்ச் சமிக்ஞை விளக்கில் ஒரு லோரிக்காரர் ஹார்ன் அடித்து, கண்ணாடியை இறக்கி, "காடி ஓட்டத் தெரியாதா தம்பி?" என்று கேட்டார். தெரியாது என்று தலையாட்டினேன்.

இனிமேல் உன்னிடம் கெஞ்சப் போவதில்லை. கிளப் தலைவிக்கு ஒரு உறுப்பினர் எழுதுவதாக எடுத்துக்கொள். ஸ்டியரிங் மாற்றிக்கொண்டது நாம் மட்டும் இல்லை. நம் கிளப்பில் இன்னும் மூன்று ஜோடி இருக்கிறது. ராகினியும் காந்தனும் அதில் ஒன்று, உன்னை அவளோடு போகச் சொன்னபோது இது எனக்குத் தோன்றவில்லை, அவள் இப்போது ஆறு மாதக் கர்ப்பம். அவர்களில் பலர் உன்னைப் போலவே பச்சைத் தாளைக் காட்டிக்கொண்டு திரிகிறார்கள். நான் சொன்னால், ஹயசாக்காவுக்குப் போனவன் வயிற்றெரிச்சலில் உளறுகிறான் என்பார்கள். நீ சொன்னால்தான் கேட்பார்கள். 31-ஆம் தேதி மெர்டேக்கா சுதந்திர தின ஊர்வலத்துக்கு எல்லாக் காடியும் வரும். அதற்கு முன்னால் சொல்லிவிடு.

நிவேன்


புக்கிட் ரம்பாய்
1 செப்டம்பர் 2025

நிவேன்,

உன் நாலு கடிதத்தில் - இல்லை, மூன்றுதான், எனக்கே நாலு மாதிரி இருந்தது - கடைசியில் பிழை இரண்டுதான். தேறிவிட்டாய்.

அன்றைக்குப் பின்கண்ணாடியில் உன்னைப் பார்த்தேன். செங் விளக்கில் அந்த லோரிக்காரர் உன்னைத் திட்டியதையும் பார்த்தேன். மெராந்தி ஓட்டுவதில் மலாக்காவிலேயே தன்னை மிஞ்ச ஆளில்லை என்று சொல்லும் மனுஷன், திட்டு வாங்கிக்கொண்டு தலையாட்டுகிறான். ஆபீஸ் கார் நிறுத்துமிடத்தில் காடியை நிறுத்திவிட்டு, கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுத்தேன். அந்தச் சிவப்புத் தையலைப் பார்த்துக்கொண்டே கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். உன் மேல் இருந்த வீம்பில்தான் அதுவரைக்கும் ஓட்டினேன். எனக்குப் பயம் வந்தது அப்போதுதான்.

அதற்கப்புறம் ஓட்டவில்லை. இழுவை லோரியைக் கூப்பிட்டு ஏற்றி அனுப்பினேன். ரெஜினால்ட் பையைக் கழற்றி நம்பரைப் பார்த்தார், உன் கடிதத்தைப் பார்த்தார். "மேடம், இதோடயா இவ்ளோ நாள் ஓட்டுனீங்க?" என்று கேட்டுவிட்டுத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குப்பியின் வாயில் துரு. நானே பார்த்தேன்.

மற்ற மூன்று ஜோடியையும் அந்த வாரமே அனுப்பினேன். இரண்டு ஜோடிக்கு ஒன்றுமில்லை. கெட்ட பை ராகினி காடியில் இருந்தது. காந்தன் என்னிடம் வந்து உன் நம்பரைக் கேட்டான். கொடுத்திருக்கிறேன்.

நேற்று ஊர்வலம். நாற்பத்தேழு காடி, எல்லாவற்றிலும் கொடி. புறப்படும் முன் மைக்கை நான் பிடித்தேன். "ஜனவரியில என் காடி சுத்தம்னு காட்டுனேன். என் காடிலதான் கெட்டது இருந்துச்சு. நிவேன் சொன்ன விதம் தப்பு, சொன்னது சரி" என்றேன். நேரலை ஓடியது. ஹயசாக்காக்காரர்கள் இதற்கும் பாட்டுப் போட்டால் போடட்டும், என் பல் ஒன்றும் விழுந்துவிடாது. இனிமேல் நம் கிளப்பில் ஸ்டியரிங் மாற்றும் வழக்கம் கிடையாது. கியர் குமிழை மாற்றிக்கொள்ளச் சொல்லிவிட்டேன்.

இனி உன் விஷயம். உன் நம்பரில் இருந்த ரீகால் முடிந்துவிட்டது, நீ விற்க ஒரு தடையும் இல்லை. ஹயசாக்கா வாங்குவதானாலும் வாங்கு, நான் கேட்க மாட்டேன். ஆனால் உன் காடியில் இருப்பது என் கறுப்பு ஸ்டியரிங். அதை எவனோ எவளோ பிடித்து ஓட்ட விட மாட்டேன். விற்பதானால் அதைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, உன்னுடையதை எடுத்துக்கொண்டு போ. ரெஜினால்ட் அன்றைக்கே கேட்டார், "ரெண்டையும் பழையபடி மாத்திரலாமா மேடம்?" என்று. பையை மட்டும் மாற்றச் சொன்னேன்.

பிச்சைமுத்து அண்ணன் வரும் சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கடையைத் திறந்து வைத்திருப்பார். கழற்றுவதானால் அங்கே வா, அவர் கழற்றிக் கொடுப்பார். கழற்ற வேண்டாமென்றால் அவர் கடையைத் தாண்டி மூன்றாவது சந்தில் திரும்பு. வீடு எங்கே இருக்கிறதென்று உனக்குத் தெரியும். பசியாறிவிட்டு வராதே.

வந்தால் காடியை என் காடிக்குப் பின்னால் ஒட்டியே நிறுத்து. எட்டு வண்டி தூரமெல்லாம் இனி வேண்டாம்.

தேவி