கால் ஊன்றாத சைக்கிள்

24-1-1982, ஞாயிறு

தினமும் மைதானத்தில், கால் ஊன்றாமல் சைக்கிளை நிறுத்திப் பழகுகிறார் இவர். "சர்க்கஸ்ல சேரப் போறீங்களா?" என்று நேற்றுகூடத் திட்டினேன்.

இன்று காலை என்னைப் பின்னால் உட்காரவைத்து, சும்மா ஒரு சுற்றுப் போனார். தெருவில் ஒரு பக்கம் தறிக்கான பட்டு நூலைப் பாவாக நீளமாக இழுத்துக் கட்டியிருந்தார்கள். மறுபக்கம் சாக்கடை. நடுவில் ஒரு கன்றுக்குட்டி வந்து நின்றுவிட்டது.

"ஆடாம குந்திகினு இரு" என்றார். சைக்கிள் நட்டுவைத்ததுபோல நின்றது. கன்று மெல்ல நகர்ந்தது. பாவில் ஓர் இழைகூட அறவில்லை.

பாவுக்கார அம்மா, "இதுக்குத்தான் தெனம் பழகிகினு இருந்தியாப்பா?" என்றார்.

இவர் பெருமையாக என் பக்கம் திரும்பிச் சிரித்தார். அப்படியே சாக்கடையில் விழுந்தோம்.

புடவையை இரண்டு தடவை அலசிவிட்டேன். திட்டத்தான் இன்னும் மனசு வரவில்லை.