மரப்பு விடும் நேரம்

ஜூலை 7, திங்கள்

ஆடி பிறக்கும் முன்பே காற்று. மாடியில் காயப்போட்ட துணியில் பாதி அடுத்த வீட்டில்.

எட்டு-பி வகுப்பில் இங்கிலீஷ் பாடம், ‘வேர் ஆஃப்’ (wear off) நடத்தினேன். முன் பெஞ்சு வர்ஷா: “மிஸ், வேர்னா உடுத்துறது. அப்ப வேர் ஆஃப்னா அவுக்குறதா?” வகுப்பே சிரிப்பு. இல்லை, இருந்த ஒன்று மெல்ல மெல்ல இல்லாமல் போவது என்றேன். தமிழில் எல்லாவற்றுக்கும் ஒரே சொல் சிக்கவில்லை. செண்ட் வாசம் போகும். மாத்திரை வேகம் குறையும். மரத்துப்போன காலில் மரப்பு விடும்.

“கோவம், மிஸ்?”

தணியும் என்றேன். சொல்லிவிட்டு வீட்டு நினைப்பு. மகள் கயல் தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்ததிலிருந்து அவள் அப்பா அவளோடு பேசுவதில்லை. எங்கே தணிந்தது?

புதன்கிழமை இவருக்குக் குடலிறக்க ஆபரேஷன். எடுத்து வைக்க: வேட்டி, ஃப்ளாஸ்க், ஸ்கேன் ரிப்போர்ட், கண்ணாடி.

ஜூலை 8, செவ்வாய்

ஹெச்.எம்.மிடம் லீவு சொல்லியாயிற்று. ஒட்டன்சத்திரத்திலிருந்து கயல் போன். “நான் வரட்டுமாம்மா?” இவரிடம் கேட்டேன்.

“அவ இங்கிட்டு வர வேணாம்.”

பேப்பரைப் புரட்டினார். மறுபடி அதே பக்கம்.

ஜூலை 9, புதன்

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. முதுகில் ஊசி போட்டதால் இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லை. டாக்டர் இங்கிலீஷில், சாயங்காலத்துக்குள் ‘வேர் ஆஃப்’ ஆகிவிடும் என்று சொல்லிப் போனார். இவர் முகம் வெளிறிவிட்டது.

“என்னமோ ஆஃப்ங்கிறாரே, காலு போச்சா?”

“மரப்பு விட்டுரும்னு சொல்றாருங்க.”

என் கையைப் பிடித்தபடியே தூங்கினார். வெளிச்சம் கூசாமலிருக்கக் கண்மேல் துண்டு.

மதியம் நான் சாப்பிடவில்லை. பசியும் இல்லை. நிமிர்ந்தால் வாசலில் கயல். இளைத்திருக்கிறாள்.

“மனசு கேக்கலம்மா. மரப்பு விடுறதுக்குள்ள போயிர்றேன்.”

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அப்பாவின் வலது காலைத் தேய்த்துவிட ஆரம்பித்தாள். வெடித்த குதிகால். “எண்ணெய் கிண்ணெய் தேய்க்கிறதே இல்லையா இவுக?” கொஞ்ச நேரம் கழித்து, “அப்பாவுக்குத் தெரியாதுல்லம்மா?”

தெரியாது என்றேன். சத்தமில்லாமல் அழுதாள். துப்பட்டாவில் மூக்கைத் துடைத்துக்கொண்டு மறுபடி தேய்த்தாள்.

ஜன்னல் வெயில் சுவரேறியது. கிளம்பு என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவளும் எழவில்லை.

கால் பெருவிரல் அசைந்தது. கயல் வெடுக்கென்று கையை எடுத்துக்கொண்டாள்.

துண்டுக்கு அடியிலிருந்து இவர் குரல்:

“ஏன் நிறுத்திட்ட ஆத்தா? இன்னொரு காலு இருக்குல்ல.”