எழுப்பிவிடும் மேசை

பலெர்மோ, 14.10.1997

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் முழங்கால் வீக்கம் வற்றிவிட்டதா? எனக்கு மாடிப்படி ஏறி இறங்கும் அலுப்பைத் தவிர வேறொன்றுமில்லை.

தம்பி குகநேசன் எங்கள் இருவருக்கும் லீவான ஞாயிறுகளில் போக்கர் என்ற சீட்டாட்டத்துக்குப் போகிறான். கைக்காசை வைத்து ஆடும் மேசையில் உட்கார்ந்தால் வீட்டை மறந்துவிடுவான். பயப்படாதீர்கள்.

"அக்கா, நீங்கள் கணக்குப் பட்டதாரி. காசு மேசையிலையோ, போட்டியிலையோ லாபம் கூட?" என்று கேட்டான்.

"காசு மேசையிலைதான், எழும்பத் தெரிஞ்சவனுக்கு. நீ எழும்பமாட்டாய், பொக்கற்றிலையிருந்து எடுத்தெடுத்து வைப்பாய். போட்டிக்கு ஒருக்காத்தான் காசு கட்டுறது. தோத்தால் அவங்களே எழுப்பிவிடுவாங்கள்."

முகத்தைத் தூக்கிக்கொண்டு போனவன், இந்த ஞாயிறு போட்டியில் சேர்ந்து, பிற்பகல் மூன்று மணிக்கே தோற்று வந்தான். பல்லரோச் சந்தையில் வாங்கிய சூடைமீனைப் பொரித்தேன். நான்கு மாதங்களுக்குப் பிறகு ஒன்றாகச் சாப்பிட்டோம். லாபம் எனக்குத்தான்.

மிளகாய்த்தூள் இனி இரண்டு பேருக்கு அனுப்புங்கள்.

வேலைவீட்டுச் சின்யோரா, அதுதான் வீட்டுக்கார அம்மா, கூப்பிடுகிறார்.

மகள்,
அம்பிகை