கேக்கோடு போய்ச் சொன்ன விலகல்

ஊர்காவற்றுறை
4.8.2025

அன்பு மகள் பவதாரணிக்கு,

இங்கே நானும் அம்மாவும் சுகம், அம்மாவின் முழங்கால் மட்டும் எங்களோடு ஒத்துவராமல் தனிக்குணம் காட்டுகிறது. நீயும் சுகம் என்று நினைத்து எழுதத்தான் ஆசை, ஆனால் நேற்றுப் போனில் உன் குரலைக் கேட்ட பிறகு மனம் வரவில்லை. நயினை அம்மன் உன்னோடு இருக்கட்டும். வெள்ளை ஆடு இரண்டு குட்டி போட்டிருக்கிறது, கிணற்றுத் தண்ணீர் கீழே போய் உவர்க்கத் தொடங்கிவிட்டது, வேறு புதினம் இல்லை.

நீ போனை வைத்ததும் சரவணையிலிருந்து பிரியதர்சினிச் சின்னம்மாவை வரச்சொன்னேன். இங்கிலிஷ் படிப்பிக்கிறவள் அல்லவா, நீ அனுப்பிய மொழிபெயர்ப்பு ஏஜென்சி ஒப்பந்தம் பதினான்கு பக்கத்தையும் குசினி மேசையில் இருந்து வாசித்துத் தமிழில் சொன்னாள். விலகுவதென்றால் இரண்டு மாதத்துக்கு முன் எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்று ஒன்பதாம் பக்கத்தில் தெளிவாக இருக்கிறதாம். வாசித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்து, "அத்தான், நீங்கள் சொன்ன யோசனைதான் பிள்ளையைக் கவிழ்த்துப் போட்டுது" என்றாள்.

உண்மைதானே. யூன் மாதக் கடைசியில், விலகுவதை எப்படிச் சொல்வது என்று நீ கேட்டபோது, எழுதிக் கொடுத்தால் முகத்தை முறித்த மாதிரி, நேரில் போய்ச் சொல்லு, வெறுங்கையோடு போகாதே என்று சொன்னவன் நான். இங்கே நம் வீட்டுக்கு வந்த ஒரே எழுத்து, காணி எல்லைச் சண்டையில் லோயர் அனுப்பிய கடிதம்தான். எழுத்து என்றால் பகை என்று என் மண்டையில் ஏறிவிட்டது. நீயும் அப்பா சொல்லைத் தட்டாமல் கேக் வாங்கிக்கொண்டு போய்ச் சொன்னாய், ஏஜென்சி அலுவலகப் பெண் கேக்கைச் சாப்பிட்டு உன்னை வாழ்த்தி அனுப்பினாள். இப்போது, எழுத்தில் எதுவும் வரவில்லை, எழுதித் தரும் நாளிலிருந்துதான் இரண்டு மாதம் என்கிறார்கள். செப்டம்பர் முதலாம் திகதி நீ போய் நிற்காவிட்டால் ஆஸ்பத்திரி உனக்குத் தந்த நிரந்தர வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடும். மூன்று வருடம் மழையிலும் பனியிலும் பஸ் ஏறி, ஊர் ஊராய் நோயாளிகளுக்கு மொழிபெயர்த்துப் பிடித்த வேலை. அந்தப் பெண்ணை ஏசாதே, அவளும் சம்பளத்துக்கு நிற்கிறவள்.

ஒரு வழி இருக்கிறது பிள்ளை. பதினோராம் பக்கத்தில், அவர்களிடம் பதிந்த இன்னொருவர் உன் மிச்ச வேலைகளை ஏற்றால், ஏஜென்சியின் சம்மதத்தோடு முன்னதாகவே விலகலாம் என்று இருக்கிறதாம். இது எனக்குத் தெரிந்த முறை. அனலைதீவு வள்ளம் ஓட்டிய வேலையை விட்டபோது, வள்ளச் சொந்தக்காரர் கதிர்காமு அண்ணையிடம் நான் வாயால்தான் சொன்னேன், ஆனால் என் இடத்துக்குக் குருசுமுத்துவைக் கூட்டிக்கொண்டு போய், எங்கே ஆழம் குறைவு, எந்தக் காற்றுக்கு எப்படித் திருப்புவது என்று ஒரு கிழமை பக்கத்தில் நின்று காட்டிய பிறகுதான் இறங்கினேன். "ஆள் தந்திட்டாய், இனிப் போ" என்றார் அண்ணை. உன்னோடு அறையில் இருக்கும் துசாரா அதே ஏஜென்சிதானே, வேலை காணாது, இன்னும் வேணும் என்று சொல்கிறவள்தானே? அவளைக் கேள். சம்மதித்தால் இன்றைக்கே இரண்டையும், விலகலையும் அவள் பெயரையும், எழுதி அனுப்பு. அவர்கள் மறுக்கவும் கூடும், அதனால் ஆஸ்பத்திரிக்கும் நடந்ததை ஒளிக்காமல் எழுது. கோபத்தில் சொல்லாமல் கொள்ளாமல் வேலைக்குப் போகாமல் மட்டும் இருந்துவிடாதே. டொக்டருக்கு முன்னால் வாய் இருந்தும் பேச முடியாமல் நம் சனம் ஒன்று உனக்காகக் காத்திருக்கும்.

அம்மா இதைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் இப்போதே அனுப்புவாள், கடிதம் தபாலில் வரும். போனில் சொன்னால் "பரவாயில்லை அப்பா" என்று நீ முடித்துவிடுவாய். வாயால் சொன்னது செல்லாது என்று நானும் இப்போது படித்துவிட்டேன். ஆகவே எழுத்தில் தருகிறேன்: பவதாரணிக்குப் பிழையான யோசனை சொன்னவன் நான். பிழை முழுவதும் என்னுடையது, அவளுடையது ஒரு துளியும் இல்லை.

எந்த வேலையில் நின்றாலும் நீ நிறைவாய் இருக்க வேண்டும். நேரத்துக்குச் சாப்பிடு, பதில் வந்ததும் அம்மாவுக்குச் சொல்லு, அவள் போனைக் கையை விட்டு வைக்கவில்லை.

மேலே திகதி போட்டிருக்கிறேன், கீழே கையெழுத்தும் வைக்கிறேன்.

உன் அப்பா
க. ஏரம்பு